தோளில் சேலை போட்டு நின்ற மனிதர்

கிள்ளானில் நடுப்பகல். வெயில் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. துணிக்கடை வாசலில், ஐந்தடி நடைபாதையின் விளிம்பில், முரட்டு மீசை வைத்த ஒரு மனிதர் அரக்குச் சிவப்புப் பட்டுச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். முந்தானையை ஒரு கையால் விரித்துப் பிடித்தபடி மெதுவாக ஒரு சுற்று சுற்றுகிறார். பஸ்ஸில் போகிறவர்களின் கழுத்துகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்புகின்றன. அவருக்குக் கூச்சமே இல்லை.

"பாத்தீங்களாக்கா? உள்ள இருந்தப்ப இது வேற ஆளு."

இப்படித்தான் அவர் எனக்கு ஞாபகம் வருகிறார். எப்போதும் வெயிலில், எப்போதும் பாதி சுற்றலில். அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால் கூச்சப்படுவார். சேலையோடு ரோட்டோரம் நிற்கக் கூசாதவர், யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எங்களில் யார் மூத்தவர் என்ற கேள்வி கடைசிவரை தீரவேயில்லை.

ராமநாதபுரத்துக் கடலோரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். கடை முதலாளியும் அதே கடலோரத்து வம்சம்தான், ஆனால் பிறந்தது வளர்ந்தது கிள்ளான். எங்களுக்கு அவர் பாய், இவருக்கு முதலாளி. பாய் பெரிய செலவு செய்து கடை முழுக்க வெள்ளை எல்இடி விளக்குகள் போட்டிருந்தார். ஸ்விட்சைத் தட்டினால் ஆயிரம் சேலையும் ஒரே நேரத்தில் சிரிக்கும். அந்தச் சிரிப்பை இந்த மனிதர் நம்பவில்லை. அதுதான் இருவருக்கும் இடையில் இருந்த ஒரே தகராறு. ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கும்.

"உள்ள எல்லாமே அழகுதான். வெளிய வாங்க."

அவர் வியாபாரத்துக்கு இருந்த வசனமே இவ்வளவுதான். வாங்க வந்தவர் வெளியே வருவார். வெயிலில் சேலை தன் உண்மையைச் சொல்லும். சிலர் துள்ளிக்கொண்டு உள்ளே போய் இரண்டாக வாங்குவார்கள். சிலர், "ஐயோ, இதுவா அது?" என்று அப்படியே நடைபாதையோடு நடந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொள்வார்.

எங்கோ எரிந்த காட்டின் புகைமூட்டம் வந்த ஒரு வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வானம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. நீலச் சேலை கேட்டுப் போன என்னைப் பார்த்து அவர் கையை விரித்தார்.

"இன்னைக்கு நீலம் காட்ட மாட்டேன்க்கா. வானம் பொய் சொல்லுது."

"வானம் பொய் சொன்னா உனக்கென்ன லா?" பாய் கத்தினார். "நீ உண்மையச் சொல்லி வித்துத் தொலையேன்!"

மஞ்சளாவது காட்டுங்கள் என்றேன், அதுவும் கிடைக்கவில்லை. மழை பெய்து வானத்தைக் கழுவிய பிறகு வரச்சொன்னார் அண்ணன். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கம்யூட்டர் ரயில் பிடித்துப் போனவள் நான். வெறும் பையோடு திரும்பினேன். ஆனால் ரயிலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.

அவர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயைக்கூட வெளியே கொண்டுபோய் உயர்த்திப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஒருநாள் சட்டைப் பையிலிருந்து மகளின் போட்டோவை எடுத்தவர், காட்டுவதற்கு முன் என்னை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு பல் விழுந்த, கன்னம் நிறையச் சிரிப்பு வைத்திருந்த பிள்ளை. அந்தப் போட்டோவையும் இப்படி அப்படிச் சாய்த்து, வெயில் அதன் மேல் சரியாக விழுந்த பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

சேலைகளோடு வரும் காகிதச் சீட்டில் சிலசமயம் ஆங்கிலத்தில் லஸ்டர் என்று அச்சடித்திருக்கும். ஒருமுறை அதைக் கிழித்து வைத்திருந்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க எழுதறவங்கதானே. இதுக்கு என்ன அர்த்தம்?"

"பளபளப்பு," என்றேன், யோசிக்காமல்.

அவர் முகம் சுருங்கியது. "பளபளப்பு வெளக்கி வச்ச பாத்திரத்துக்குக்கா. தகதகப்பு தங்கத்துக்கு. மினுக்குறது பிளாஸ்டிக்கு. ஜொலிக்கிறது கல்லு. பட்டு என்ன செய்யுது, சொல்லுங்க?"

பின்பக்கம் ஒரு தமிழ்ச் சொல் ஒளிந்திருப்பதுபோல் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். சொற்களை வைத்துச் சோறு தின்பவளுக்கு அது அவமானம்.

"எங்க ஊருப் பக்கம் நல்ல முத்தக் கையில உருட்டிப் பாத்துட்டு நீரோட்டம் இருக்குன்னு சொல்வாங்க," என்றார் அவரே. "வெளிச்சம் மேல ஒக்காந்திருக்காது. உள்ள ஓடும். பட்டுக்கும் அதான். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கும் அதானா? எங்கேர்ந்து வந்துச்சு அது? பாத்துச் சொல்லுங்க."

அன்றிரவு அகராதிகளைக் கிளறினேன். ஆங்கிலம் அதைப் பிரெஞ்சிலிருந்து வாங்கியிருக்கிறது, பிரெஞ்சு இத்தாலியிலிருந்து, இத்தாலிக்குப் பின்னால் லத்தீன் நிற்கிறது. லுஸ்த்ராரே. ஒளியூட்டு என்று அதற்கு ஒரு பொருள். சுற்றிவா, சுற்றிவந்து பார் என்று ஒரு பொருள். சுற்றிவந்து தூய்மையாக்கு என்று இன்னொன்றும் உண்டு. பழைய ரோமாபுரியில் மக்கள் கணக்கெடுப்பு முடிந்ததும், கூடி நிற்கும் சனத்தைச் சுற்றிப் பலி விலங்குகளை நடத்திக்கொண்டு போய்த் தீட்டுக் கழிப்பார்களாம். ஒளியூட்டுவதும் தீட்டுக் கழிப்பதும் பிறப்பிலேயே ஒரே சொல்லா, இல்லை இரண்டு சொற்கள் வழியில் சந்தித்து ஒன்றாகிவிட்டனவா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு. எனக்கு அந்தச் சண்டை தேவைப்படவில்லை. எனக்கு அப்போது கண்முன் நின்றது கிள்ளான் நடைபாதையும், தோளில் சேலையோடு ஒரு மீசைக்காரர் சுற்றிய சுற்றும்.

அடுத்த முறை போனபோது சொன்னேன். சந்தோஷத்தில் கையிலிருந்த அளவுகோலால் மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"அப்ப அந்த ஊர்க்காரனும் சுத்திச் சுத்தித்தான் பாத்திருக்கான்! ஒரே எடத்துல நின்னு பாத்தா ஓட்டம் தெரியாதுன்னு அவனுக்கும் தெரிஞ்சிருக்கு!" பிறகு கல்லாப் பக்கம் திரும்பி, "முதலாளி, கேட்டீங்களா? ரோமாபுரியில இருந்தே இப்படித்தான்!"

"ரோமாபுரியில வாடகை எவ்வளவுன்னு கேளு," என்றார் பாய்.

ஆனால் அந்த வாரமே பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு கல்யாணக் கூட்டம் மொத்தமாக வெயிலுக்குப் போய், திரும்பி வராமலே போய்விட்டது. கடைக்குப் போர்ட் கிள்ளானில் ஒரு ஸ்டோர் உண்டு. தகரக் கூரை, ஜன்னல் கிடையாது, பகலிலும் ஒரே ஒரு பல்ப். கன்டெய்னரில் வரும் துணிக் கட்டுகளை இறக்கி அடுக்க அங்கே ஆள் தேவைப்பட்டது.

"இன்னும் ஒரே ஒரு கஸ்டமர்," என்றார் பாய், விரலை உயர்த்தி. "ஒரே ஒருத்தர் வெளிய போயி திரும்பி வரல, மறுநாள் நீ ஸ்டோருக்குப் போற. அங்க போயி எந்த வெளிச்சத்துல வேணாலும் பாத்துக்க."

இதை என்னிடம் சொன்னபோதுதான் அண்ணனின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "வேல எங்க செஞ்சாலும் வேலதான்க்கா. ஆனா அங்க ஜன்னலே இல்ல."

அந்த நிலைமையில்தான் என் அக்கா கடைக்குள் நுழைந்தாள்.

அக்கா மகளுக்குக் கல்யாணம். சுபாங் ஜெயாவிலிருக்கும் என் அக்காவுக்கு அதில் ஒரே ஒரு பிடிவாதம்: குடும்பத்துப் பெண்கள் பதினொரு பேரும் மயில்கழுத்து நிறத்தில் ஒரே சேலை கட்டி, கோயில் வாசலில் வரிசையாக நின்று ஒரு போட்டோ எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டாள். கடையிலிருந்து போட்டோ வந்தது, பதினொரு பேரும் கட்டை விரலைத் தூக்கினார்கள், பணமும் கட்டியாயிற்று. சேலைகள் இரண்டு மூன்று தவணையாகக் கடைக்கு வந்து சேர்ந்தன. கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது எடுத்துவரப் போனோம். எல்இடி விளக்கின் கீழ் பதினொன்றும் ஒரே அச்சு. பாய் தன் கையாலேயே பையில் போட்டார்.

அண்ணன் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். மீசை ஒரு பக்கம் இழுத்தது. "அக்கா, ஒரு நிமிஷம். வெளிய வாங்க."

"காசு கட்டியாச்சு லா! பையும் கட்டியாச்சு!" பாய் கல்லாவை விட்டே எழுந்துவிட்டார். "இனி என்னத்துக்கு வெளிய?"

அவர் அதற்குள் பையோடு வாசல் தாண்டியிருந்தார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சேலையை விரித்தார். வெயில் விழுந்தது. பதினொரு மயிலும் மூன்று கூட்டமாகப் பிரிந்தன. நாலு நீலம் பக்கம் சாய்ந்தன, மூன்று பச்சை பக்கம். மிச்சம் நாலும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் தத்தளித்தன.

"சாயம் மூணு தடவையா தோச்சிருக்காங்க," என்றார். "உள்ள தெரியாது. கோயில் வாசல்ல தெரிஞ்சிரும்."

என் அக்கா நாற்காலிகளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "ஒரே கலர்னுதானே சொன்னேன். ஒரே ஒரு ஆசதானே பட்டேன்."

வாசலில் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "காச நான் திருப்பித் தரேன் மா. தப்பு எங்க மேல." பிறகு அண்ணனைப் பார்த்தார். "நாளைக்கு ஏழு மணிக்கு ஸ்டோர்ல இரு."

அண்ணன் நாற்காலிகளைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று. குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணைச் சுருக்கினார். இன்னொரு சுற்று.

"அக்கா, போட்டோ எத்தன மணிக்கு?"

"முகூர்த்தம் முடிஞ்சு, பத்தர மணிக்கு."

"கோயில் வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு," என்றேன் நான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப வெயில் எதிர இருந்து வரும்." ஒரு நாற்காலியை இழுத்து இடம் மாற்றினார். அப்புறம் இன்னொன்று. நீலம் மிகுந்தது ஒரு கோடியில், பச்சை மிகுந்தது மறுகோடியில், நடுவில் தத்தளித்தவை ஒன்றுக்கொன்று கைகொடுத்தபடி. "மயில் கழுத்தப் பாத்திருக்கீங்களாக்கா? அது ஒரே கலராவா இருக்கு?"

"எனக்கு மயில் வேணாம். எனக்கு ஒரே கலர்தான் வேணும்."

அப்போது காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு சீனப் பெண்மணி நின்றார். கோடியிலிருந்து கோடிவரை பார்த்தார். "அலாமாக்!" என்று வியந்தார். பிறகு மலாய் மொழியில், எல்லாம் ஒரே செட்டா, தனியாகத் தருவீர்களா என்று பாயைக் கேட்டார். பாய் வாயைத் திறப்பதற்குள் என் அக்கா முந்திக்கொண்டாள்.

"செட்தான் ஆன்டி. தனியா கிடையாது. என்னோடது."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டு அவளே திகைத்து நின்றாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு துண்டுச்சீட்டுகளில் ஒன்று முதல் பதினொன்று வரை எழுதி, ஒவ்வொரு சேலையின் உள்மடிப்பிலும் குண்டூசியால் குத்தினார். "இந்த நம்பர்படி நிக்கணும்க்கா. ஆள் மாறலாம், நம்பர் மாறக்கூடாது."

பாய் விரலை மறுபடி உயர்த்தினார். "போட்டோ வரட்டும். அப்பறம் பாப்போம், ஸ்டோரா கடையான்னு."

கல்யாணத்தன்று காலை வானம் மூடிக்கொண்டது. பத்தேகாலுக்கு அண்ணன் கடை டீஷர்ட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வந்ததும் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை, மேகத்தைத்தான் பார்த்தார். ஆனால் பிரச்சினை வானத்திலிருந்து வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தே வந்தது.

ஆறாம் நம்பர் ஜெஞ்சாரோமில் இருக்கும் அத்தைக்கு. ஏழாம் நம்பர் சித்திக்கு. இரண்டு பேருக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அத்தை ஒரு விசேஷத்துக்குப் பிரியாணி அண்டாவை இரவல் கொடுத்தாள். சித்தி அண்டாவைத் திருப்பிக் கொடுத்தாள், மூடியைக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் சரித்திரம். சேலை பிரிக்கும்போது யாரும் இதை யோசிக்கவில்லை. ரவிக்கையோ அவரவர் சேலைத் துணியிலேயே அவரவர் அளவுக்குத் தைத்தாயிற்று; இனி மாற்றிக் கட்டவும் முடியாது.

"நான் ஒம்போதுல நிக்கிறேன்," என்றாள் அத்தை.

"ஒம்போதுல நின்னா உங்க சேல செத்துரும்மா," என்றார் அவர், பதறிப்போய்.

"என்னது? சாகுமா? கல்யாண வீட்டுல பேசற பேச்சா இது! யாரு இந்த ஆளு?"

"சேலக் கடைக்காரரு அத்த," என்றேன். "நில்லுங்க அத்த. ஒரு போட்டோதான்."

"இவகிட்டயா? தோளு உரசுமே!"

"என் தோளு என்ன கறியா, உரசுனா ஒட்டிக்க?" என்றாள் சித்தி, ஏழாம் இடத்தில் அசையாமல் நின்றபடி.

அவர் அத்தைக்கு முன்னால் வந்து நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, நீங்க ஆறுல நின்னாத்தான் அஞ்சும் ஏழும் ஒண்ணாகும். நீங்க இல்லாட்டி அந்த எடத்துல ஓட்டம் நின்னுரும். நடுவுல இருக்கறது நீங்கதான்."

தான்தான் நடு என்று கேட்டதும் அத்தையின் முகவாய் உயர்ந்தது. வந்து நின்றாள். நின்றவள் சும்மா நிற்கவில்லை. எதிரே பார்த்தபடி, உதட்டோரமாக ஆறு வருடப் பேச்சை ஆரம்பித்தாள்.

"மூடி எங்க?"

"உங்க மூடிய நான் என்ன, காதுல கம்மலா மாட்டிக்கிட்டா திரியிறேன்?"

பதினொரு பேரும் வெடித்துச் சிரித்தோம். அந்தக் கணத்தில் மேகம் விலகியது. கிழக்கு வெயில் நேராக எங்கள் மேல் விழுந்தது. நான் மூன்றாம் நம்பர். பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். ஒரு கோடியில் கிளம்பிய நீலம் ஒவ்வொரு சேலையாகக் கைமாறி, நடுவில் குழைந்து, பச்சையாக மறுகோடியில் போய் இறங்கியது. யாரும் அசையவில்லை. வெளிச்சம் மட்டும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுங்க பாஸ்! இப்ப எடுங்க!" போட்டோக்காரரின் முதுகில் அவர் ஒரு தட்டுத் தட்டினார்.

மறுநாளே அக்கா போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். நானும் போனேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவை வெகுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தார். அண்ணன் சேலைகளை மடிப்பதுபோல் மடித்துக்கொண்டே இருந்தார். ஒரே சேலையை நாலு தடவை மடித்தார்.

"ஆறாவது ஆளு ஏன் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க?" என்று கேட்டார் பாய், கடைசியில்.

"மூடி கேக்கறாங்க," என்றாள் அக்கா.

பாய் தலையாட்டினார், எல்லாம் புரிந்ததுபோல. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மேல் தட்டுல புது ஸ்டாக் வந்திருக்கு. எறக்கி அக்காவுக்குக் காட்டு லா," என்றார். "வெளிய கொண்டுபோயே காட்டு."

ஸ்டோர் என்ற சொல் அதற்குப்பிறகு அந்தக் கடையில் கேட்கவில்லை. அந்த நடைபாதையில் இன்னும் இரண்டு தீபாவளி அவர் சுற்றினார். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகும்போது எனக்கு ஒரு பட்டுத் துண்டைக் கொடுத்தார், ஒரு சாண் அகலம். "புக்குக்கு அட்ட போடுங்கக்கா. ஓட்டம் நல்லா இருக்கும்." இப்போது ஊரில் சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறார். ஒருமுறை போட்டோக்கள் அனுப்பினார். கடைக்கு உள்ளே எடுத்தது ஒன்றுகூட இல்லை, எல்லாம் வாசல். மகளுக்கு விழுந்த பற்கள் முளைத்துவிட்டன.

போன மாதம் கிள்ளானுக்குப் போனேன். எனக்கே ஒரு சேலை வேண்டியிருந்தது. கடையில் இன்னும் புது விளக்குகள், இன்னும் வெள்ளை, இன்னும் சிரிப்பு. பாய் நரைத்திருந்தார். ஊதாவில் ஒன்றை நான் விரித்துப் பார்த்து, நன்றாயிருக்கிறது, கட்டிக் கொடுங்கள் என்றேன்.

பாய் சேலையைக் கையில் எடுத்தார். பையில் போடவில்லை. கல்லாவைச் சாத்திவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உள்ள எல்லாமே அழகுதான் மா," என்றார். "வெளிய வாங்க."

நடைபாதையின் விளிம்பில், வெயில் தொடங்கும் இடத்தில் நின்று, அந்தப் பெரிய மனிதர் ஊதாச் சேலையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு பஸ் போனது, கழுத்துகள் திரும்பின. சுற்றுவதற்கு ஒரு கால் எடுத்து வைத்தவர், முட்டி வலித்ததோ என்னவோ, அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்குச் சுத்த வரல. நீங்க சுத்திப் பாத்துக்கங்க."

நான் அவரைச் சுற்றி வந்தேன்.